வண்ணத்தில் எழுதிய மெய்க்கீர்த்தி

மன்னர் தம் புகழைக் கல்லில் பொறிப்பித்தால் அது மெய்க்கீர்த்தி. துணியில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டுவித்தால் அஃது அரச உருவப்படம். இரண்டும் ஒருதாய் மக்களே என்பது நம் துணிபு.

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியை 1701-இல் ரிகோ என்னும் ஓவியர் தீட்டிய படம் பாரிசு லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒன்பதடி உயரமுள்ள அப்படத்தில் மன்னரின் முகத்தில் அறுபதைக் கடந்த முதுமை. கால்களிலோ இளைஞனின் மிடுக்கு! பேரனாகிய ஸ்பெயின் மன்னருக்கென வரையச் சொன்ன அதனைத் தம்மிடமே இருத்திக்கொண்டார் லூயி. பின்வந்த அரசர் படங்கள் பலவற்றுக்கு அதுவே முன்மாதிரியாயிற்று.

அவ்வழக்கம் கடல் கடந்து ஆர்க்காட்டு அரசவைக்கும் வந்தது. நம் வாலாஜாபேட்டைக்குப் பெயர் தந்த நவாப் முகம்மது அலி வாலாஜா, 1749-இல் ஆம்பூர்ப் போரில், பிரெஞ்சுப் படை துணைநின்ற சந்தா சாகிப் தரப்பிடம் தந்தை அன்வருத்தீனை இழந்தவர். ஆங்கிலேயர் துணையால் அரசெய்தியவர். 1769-இல் சென்னைக்கு வந்த டில்லி கெட்டில், 1774-இல் வந்த ஜார்ஜ் வில்லிசன் ஆகியோர் அவரைத் தீட்டினர். வெண்ணிற மெல்லாடை, மார்பில் முத்துமாலைகள், கையில் வாள் எனக் கெட்டில் வரைந்த படம் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அப்படம் கூறுவது பாதியே. கடன் மலையாய்க் குவிய, 1781-இல் நாட்டின் வருவாயையே கும்பெனியிடம் ஒப்படைத்தார் நவாப். அக்கடன்களைக் குறித்து 1785-இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முழங்கினார். 1795-இல் நவாப் மறைந்தார்; 1801-இல் ஆட்சி முழுவதும் கும்பெனி வசமாயிற்று. மெய்க்கீர்த்தி தோல்வியைச் சொல்லாது. ஓவியம் கடனைக் காட்டாது.

அவ்வாறாயின் அப்படம் நமக்கு எதற்கு என்பாரும் உளர். மெய்க்கீர்த்தியை நாம் வகுப்பில் விலக்குகிறோமா? புகழ்ச்சி இது, வரலாறு இது எனப் பிரித்துக் காட்டியன்றோ கற்பிக்கிறோம்! பேருந்தின் பெயர்ப்பலகையில் நாள்தோறும் வாலாஜாவின் பெயரைப் படிக்கும் நம் மாணவர் அவர் முகத்தை அறியார். அப்படத்தின் நல்ல படியொன்று இவ்வூரில் இடம்பெற வேண்டும். அதன் அடியில் பெருமையோடு கடனும் எழுதப்பட வேண்டும். பெருமையை மட்டும் எழுதினால் நாமும் அரசவைப் புலவர்களாகி விடுவோம்.

திருச்சிராப்பள்ளி நத்ஹர் வலி தர்காவில் அடங்கியிருக்கிறார் வாலாஜா. முத்துமாலையும் வாளும் படத்தோடு நின்றுவிட்டன. ஊர்ப்பெயர் ஒன்றே நம்மிடம் எஞ்சியது. அதன் பொருளறிந்து வழங்குதல் நம் கடனாகும்.