அப்புறம் பார்த்துக்கலாம்!

திருப்பூருக்கு அதிக நஷ்டம் தந்த வார்த்தை எது என்று கேட்டால், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு நிறையத் தேவை. கழிவுநீரில் நிறத்தைக் குறைத்துவிடலாம். ஆனால் கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது. சாயப்பட்டறைகள் குறைவாக இருந்தவரை நொய்யல் தாங்கும் என்று விட்டுவிட்டார்கள். ஏற்றுமதி வளர்ந்தது, பட்டறைகளும் பெருகின. கழிவு மட்டும் அதே ஆற்றுக்குத்தான் போனது.

பாசனத்துக்காக 1992-ல் வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருடங்களிலேயே சாயக்கழிவுத் தொட்டியாக மாறியது. தண்ணீர் கேட்க வேண்டிய விவசாயிகளே "திறக்காதீர்கள்" என்றார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்று 2006-ல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்கும் அவகாசம், அதற்கு மேலும் அவகாசம். கடைசியில் 2011 ஜனவரியில் எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொல்லிவிட்டது. 700க்கும் மேற்பட்டவை நின்றன. சாயம் இல்லையென்றால் ராயபுரத்துத் தையல் மெஷினுக்கும் வேலை இல்லை!

சின்னப் பட்டறைக்காரரிடம் அவ்வளவு பணம் ஏது என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து போட வேண்டிய செலவைத் தள்ளிப்போட்டால், அது செலவாக இருக்காது, கடனாகிவிடும். இங்கே வட்டியைக் கட்டியவர்கள் கடன் வாங்காத விவசாயிகளும் தினக்கூலிக்காரர்களும்.

முதல் செமஸ்டரில் விழுந்த ஒரு அரியரும் இதே கணக்குதான். அப்பா அம்மாவும் சேர்ந்துதான் வட்டி கட்டுவார்கள். யோசித்துப் பாருங்கள்.