ஆறாவது சுற்றில் எழும்பிப் போகிறவள்

ஒரு பலகை விளையாட்டு ஏழு மணித்தியாலம் ஓடும் என்று சொன்னால் எங்கட வீடுகளில் வருகிற முதல் கேள்வி, "அதுக்குள்ள ஒரு பாடம் படிச்சு முடிச்சிருக்கலாமே" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இன்றைக்கு அதைப் பற்றி எழுத வரவில்லை. அந்த ஏழு மணித்தியாலத்தில் கடைசி இரண்டு மணித்தியாலம் யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். டார்னெய்டில் எங்கட மேசையில் அது பெடியளுக்குச் சொந்தமாக இருக்கிறது. உங்கட மேசையிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அது கூடாது என்பதுதான் என் கட்சி.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். நாங்கள் விளையாடுவது 'எ கேம் ஒஃப் த்ரோன்ஸ்' பலகை விளையாட்டு. தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து யாரோ அவசரத்தில் செய்த சாமான் என்று நினைக்க வேண்டாம். தொடர் வந்தது 2011இல். ஜோர்ஜ் மார்ட்டினின் நாவல்களை வைத்து கிறிஸ்டியன் பீட்டர்சன் இந்த விளையாட்டைச் செய்தது 2003இல். எங்களிடம் இருப்பது 2011இல் வந்த இரண்டாம் பதிப்பு. ஆறு பேர், ஆறு குடும்பங்கள், பத்துச் சுற்றுகள். ஏழு கோட்டைகளைப் பிடித்தவர் அந்த இடத்திலேயே வெல்லுவார். ஒருவரும் பிடிக்காவிட்டால் பத்தாவது சுற்று முடியும்போது கூடுதலாகக் கோட்டை வைத்திருப்பவருக்கு வெற்றி. பெட்டியில் போட்டிருக்கிற நேரத்தை நம்பாதீர்கள். ஆறு தமிழ்ப் பிள்ளைகள் இருந்து கதைக்கிற மேசையில் எந்தப் பெட்டியின் கணக்கும் சரிவராது.

சண்டையில் பகடை கிடையாது. தாயத்தில் தோற்றால் சோழியில் பழியைப் போடலாம், இதில் போட முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் எல்லோரும் கதைப்போம், கெஞ்சுவோம், வாக்குக் கொடுப்போம். பிறகு படை நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கட்டளை வில்லையைக் கவிழ்த்து வைக்க வேண்டும்: முன்னேறு, காவல் இரு, உதவி செய், கொள்ளையடி, பலம் சேர். எல்லோரும் வைத்து முடிந்ததும் ஒரே நேரத்தில் திருப்புவோம். "நான் உனக்கு உதவி வைக்கிறன்" என்று கண்ணைப் பார்த்துச் சொன்னவனின் வில்லையில் 'முன்னேறு' என்று இருக்கும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லி விதிப்புத்தகத்தில் எங்கேயும் இல்லை. இந்த யோசனை இன்னும் பழையது. அலன் கல்ஹாமர் 1959இல் வெளியிட்ட 'டிப்ளோமசி' விளையாட்டின் உயிரே இதுதான்.

ஆக, இங்கே பலகையைவிடப் பக்கத்தில் இருக்கிற ஆள்தான் முக்கியம். யார் பொய் சொல்லும்போது சிரிப்பான், யார் கோபம் வந்தால் கணக்குப் பார்க்காமல் அடிப்பாள், யார் இரண்டு சுற்றுக்கு முதல் பட்டதை மறக்கமாட்டாள் என்று நாலு மணித்தியாலமாகச் சேர்த்து வைக்கிறோம். ஐந்தாவது ஆறாவது சுற்றில்தான் அந்தச் சேமிப்புக்கு வட்டி வரத் தொடங்கும். சரியாக அந்த நேரத்தில்தான் தொலைபேசி அடிக்கும்.

எங்கள் மேசையில் நாலு பெடியன்கள், இரண்டு பெட்டைகள். ஒன்பது மணிக்குப் பெடியன்களின் அம்மாமாரும் எடுப்பார்கள், எங்கட அம்மாமாரும் எடுப்பார்கள். கேள்விதான் வேறு. அவர்களிடம் "சாப்பிட்டியோ அப்பன்?" எங்களிடம் "எத்தினை மணிக்கு வாறாய்? அப்பா வெளிக்கிட்டிட்டார்." ஒரே ஊர், ஒரே சனிக்கிழமை, ஒரே மேசை. ஒரு குடும்பத்தில் அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து வந்து, தங்கச்சியை மட்டும் கூட்டிக்கொண்டு போன கூத்தும் நடந்தது. அண்ணன் இரவு ஒன்றரைக்கு வீட்டுக்குப் போனான். அவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒருத்தி எழும்பிப் போனால் பலகையில் என்ன நடக்கும் என்று பாருங்கள். அவள் தெற்கே மார்ட்டெல் குடும்பம் என்று வைப்போம். அவள் போனதும் பக்கத்தில் இருக்கிற டிரெலுக்கும் பராத்தியனுக்கும் கதவு திறந்துவிடும். இரண்டு சுற்றுக்குள் அவளுடைய கோட்டைகளைச் சண்டையில்லாமல் பங்கு போடுவார்கள். வடக்கே ஸ்டார்க் வைத்திருக்கிறவனுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது, அவன் என்ன கெட்டித்தனமாக ஆடினாலும் தோற்பான். அதாவது அந்த இரவு யார் வென்றது என்பதை ஆறு பேரின் மூளை தீர்மானிக்கவில்லை. ஒரு அப்பா கார்ச் சாவியை எடுத்த நேரம் தீர்மானித்தது. வென்றவன் அடுத்த கிழமை முழுக்க அதைப் பற்றிப் பெருமை அடிப்பான், கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"உன்ட பக்கத்தை நாங்க பாத்துக்கொள்ளுறம், நீ போ" என்று சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்கும்போதுதான் எனக்கு ஆகவும் கோபம் வரும். மார்ட்டெலிடம் அரியான் என்று ஒரு சீட்டு இருக்கிறது. காவல் காக்கும்போது அவளைப் போட்டுத் தோற்றாலும் எதிரி அந்த நிலத்துக்குள் கால் வைக்க முடியாது. அதை எப்போது போடுவது என்று அவள் மூன்று சுற்றாகக் கையில் ஒளித்து வைத்திருப்பாள். அவளுக்காகப் 'பார்த்துக்கொள்ளுகிற' ஆள் வந்த முதல் சண்டையிலேயே அதைத் தூக்கி எறிவான்.

இனிப் பெற்றோரின் பக்கம். அவர்களின் பயம் பொய் இல்லை, அதைச் சிரித்துத் தள்ளுகிற ஆட்களோடு எனக்குக் கதை இல்லை. எங்கட அப்பா அம்மா வளர்ந்த ஊரில் இரவு என்றால் ஊரடங்கு. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் அவர்கள். 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டியபோது யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டுப் பாருங்கள், பொழுதுபட்டால் கதவு எப்படிச் சாத்தப்பட்டது என்று சொல்வார்கள். இருட்டினால் பிள்ளையை எண்ணிப் பார்க்கிற பழக்கம் விமானம் ஏறினால் போய்விடாது. அது எனக்கு விளங்குகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இரவுகளில் பெடியனுக்கும் பயந்தார்கள். சுற்றிவளைப்பில் தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நிறுத்தப்பட்டதும், சோதனைச் சாவடியில் இறக்கப்பட்டுத் திரும்பி வராமல் போனதும் பெரும்பாலும் இளம் ஆண்கள். மகன் வர அரை மணித்தியாலம் பிந்தினால் வாசலில் நின்று அழுத அம்மாமார்தான் எங்கட அம்மம்மாமார். அந்தப் பயம் அப்படியே இங்கே வந்திருந்தால், ஒன்பது மணிக்கு அண்ணனையும் அல்லவா கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்? பயத்தில் பாதியைக் கட்டுநாயக்காவில் விட்டுவிட்டு, மற்றப் பாதியை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம். கொண்டுவந்த பாதிக்குப் பெயர் பாதுகாப்பு இல்லை. "சனம் என்ன சொல்லும்" என்பதுதான் அதன் உண்மையான பெயர்.

வீதி பாதுகாப்பில்லை என்பார்கள். சரி, அதற்கு வழி இருக்கிறது. எங்களில் இன்னும் 18 ஆகாதவர்கள் தனியாகக் கார் ஓட்ட முடியாது, விக்டோரியாவில் சட்டம் அப்படி. 21 வயதுக்குக் குறைந்தவர்கள் 120 மணித்தியாலம் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்து ஓடிப் பழகிப் பதிய வேண்டும், அதில் 20 மணித்தியாலம் இரவில். அப்பா எப்படியும் கூட்ட வருகிறார். ஒன்பதுக்கு வராமல் பன்னிரண்டுக்கு வந்து, திரும்பும்போது ஸ்டீயரிங்கை மகளிடம் கொடுக்கலாமே! மாநில அரசாங்கமே மகளை இரவில் ஓடிப் பழகச் சொல்லுகிறது.

நித்திரை முழித்து விளையாடுவது எங்கட பழக்கத்தில் இல்லை என்று யாராவது சொன்னால் 304ஐப் பற்றிக் கேளுங்கள். பிறந்தநாள், சாமத்தியவீடு, ஐம்பதாவது கல்யாண நாள், எதுவென்றாலும் மண்டபத்தின் ஒரு மூலையில் நாலு அங்கிள்மார் இருப்பார்கள். ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. கூட்டினால் 76, நாலு சாதிக்கும் 304. அதுதான் பெயர். யார் துரும்பை எங்கே கவிழ்த்து வைத்தான், யார் இரண்டாவது கையில் ஏன் அதை வெட்டினான் என்று வீட்டுக்குப் போகிற வழியிலும் சண்டை பிடிப்பார்கள். கெட்டிக்கார விளையாட்டு, மரியாதையோடுதான் சொல்லுகிறேன். ராணிக்கு 2 புள்ளி என்பதை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். நான் கேட்பது, அவர்கள் நாலு பேரும் எழும்பும் வரைக்கும் அன்ரிமார் எங்கே இருந்தார்கள்? பாத்திரம் கழுவி, மிஞ்சிய ரோல்ஸைப் பிரித்துக் கட்டி, நித்திரையான பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னும் ஒரு கை தான்" என்ற சொல்லை ஐந்தாவது தரம் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பெண்களுக்கும் விளையாட்டு இருந்ததுதான். பல்லாங்குழி இருந்தது, தாயம் இருந்தது. பல்லாங்குழியில் எண்ணுகிற வேகத்தைப் பார்த்தால் மூளைக்குக் குறைவில்லை என்று தெரியும். ஆனால் அது உலை கொதித்தால் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழும்பக்கூடிய விளையாட்டு. ஆண்களுக்கு முடிகிற வரைக்கும் இருக்கிற விளையாட்டு, பெண்களுக்கு எப்போதும் எழும்பக்கூடிய விளையாட்டு. இந்தப் பிரிவு தற்செயல் என்று நான் நம்பவில்லை.

எங்கட ஆட்களை மட்டும் சொல்லவும் மாட்டேன். மேசையில் வைத்து ஆடுகிற போர் விளையாட்டுக்கு முதன்முதலாகப் பிரபலமான ஒரு விதிப்புத்தகம் எழுதியவர்களில் ஒருவர் எச். ஜி. வெல்ஸ். 'லிட்டில் வோர்ஸ்', 1913. அதன் நீண்ட தலைப்பிலேயே இது பையன்களுக்கான விளையாட்டு என்று சொல்லிவிட்டு, பையன்களின் விளையாட்டை விரும்புகிற கொஞ்சம் கூட மூளையுள்ள பெண்களையும் போனால் போகட்டும் என்று சேர்த்துக்கொள்கிறார். நூறு வருடத்துக்கு மேலாகியும் விளையாட்டுக் கடைக்குள் நான் போனால் "தம்பிக்கு வாங்கவோ?" என்ற பார்வைதான் கிடைக்கிறது. வாள், டிராகன், அரண்மனைச் சூழ்ச்சி எல்லாம் பெடியன்களின் சாமான் என்று சொல்கிற அம்மாமாரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கல்கியில் 1950 தொடக்கம் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' நூலாக வந்த பிறகு நித்திரை முழித்து வாசித்தது யார்? குந்தவையும் நந்தினியும் இல்லாவிட்டால் அந்தக் கதையில் என்ன மிஞ்சும்?

இப்போது எங்கட பெடியன்களுக்கு. நீங்கள் கெட்டவர்கள் இல்லை, உங்களுக்கு இது தெரியாமல் இருக்க வசதி இருக்கிறது, அவ்வளவுதான். போன மாதம் ஒருவன் சொன்ன தீர்வு: "அப்ப சின்ன விளையாட்டு ஒண்டு எடுப்பம், கட்டான் மாதிரி. ஒண்டரை மணித்தியாலத்தில முடியும்." கட்டான் நல்ல விளையாட்டு. ஆனால் என் ஊரடங்குக்குத் தக்கபடி விளையாட்டை வெட்டுவது என்றால், அந்த ஊரடங்கு சரி என்று ஆறு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவதாகும். அதோடு நாங்கள் போன பிறகு நீங்கள் பெரிய பெட்டியைத் திறப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியாதோ?

காலை பத்து மணிக்குத் தொடங்கலாமே என்று இன்னொருவன். அதை நாங்கள் செய்தும் பார்த்தோம். அப்போதுதான் எனக்கு இது இரவுப் பிரச்சினை இல்லை என்று தெளிவாக விளங்கியது. பகலில் பெட்டைகளுக்கு வேறு அழைப்புகள் இருக்கின்றன. வீட்டுக்கு ஆட்கள் வருகினம், வந்து கை குடு. தங்கச்சியை வகுப்பிலிருந்து ஏற்று. சுசான் கோரி பள்ளிக்கூடச் சோதனைக்குத் தம்பிக்குச் சொல்லிக் குடு. அந்தத் தம்பிக்கு ஒரு அண்ணனும் இருக்கிறான், அவன் அந்த நேரம் பலகைக்கு முன்னால் இருந்து கடற்படையை நகர்த்திக்கொண்டிருந்தான்.

ஆகவே நாங்கள் இரண்டு பெட்டைகளும் சேர்ந்து ஒரு விதியைக் கொண்டுவந்தோம். ஒருவருக்கு அழைப்பு வந்தால் ஆறு பேருக்கும் அழைப்பு வந்த மாதிரி. விளையாட்டு அந்த இடத்தில் நிற்கும். பலகையை மேலிருந்து படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்தின் கைச்சீட்டும், போட்டு முடிந்த சீட்டும், அதிகார வில்லைகளும் தனித்தனி ஸிப் பையில். மூன்று செல்வாக்கு வரிசைகளையும் தாளில் எழுதிப் படத்தோடு வைக்க வேண்டும், ஏனென்றால் அவை தட்டுப்பட்டால் பிறகு ஒரு கிழமைச் சண்டை. மிச்சம் அடுத்த சனிக்கிழமை.

முதல் தரம் பெடியன்கள் குழறினார்கள். ஒன்பது இருபதுக்கு நாலு பேரும் மேசையைச் சுற்றிச் சும்மா இருந்தார்கள், ஒருவனுக்கு ஐந்து கோட்டை, இன்னும் இரண்டுதான். அடுத்த நாள் அவனே தன் அம்மாவிடம் போய், "அவையளை ஏன் கெதியாக் கூப்பிடுகினம்?" என்று கேட்டிருக்கிறான். அவனுடைய அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லையாம். என் அம்மாவுக்கு அவர் தொலைபேசி எடுத்தார். இரண்டு பேரும் முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை, ஆனால் போன சனிக்கிழமை அப்பா பத்தே முக்காலுக்குத்தான் வந்தார்.

பத்தே முக்கால் காணாது. எட்டாவது சுற்றில் நிற்கிறோம், என் கையில் அரியான் இன்னும் இருக்கிறாள். உங்கள் மேசையிலும் இந்த விதியைப் போடுங்கள். மேசையில் பெட்டையே இல்லை என்றால், ஏன் இல்லை என்று முதலில் அதைக் கேளுங்கள்.