இல்லமும் இயந்திரமும்: புதிய பெட்டியில் பழைய இயங்குதளம்



சென்ற மாதம் ஒரு நாள் முன்னிரவில் என் தமையனார் தொலைபேசியில் அழைத்தார். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். 75 வயதைக் கடந்தவர். எங்கள் ஊரின் வரலாற்றைப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணினியில் எழுதி வருகிறார். அன்று அவர் குரலில் நடுக்கம் தெரிந்தது.

"தம்பி, பழைய கணினி அடியோடு நின்றுவிட்டது. கைமாறிய பெட்டி ஒன்றை வாங்கி, பழைய வட்டையும் அதிலேயே இணைத்திருக்கிறேன். என்ன செய்தும் விண்டோஸ் 7 ஏற மறுக்கிறது. பழுது பார்க்க வந்த பையன், 'வட்டுகளை அழித்துவிட்டால் ஏறிவிடும்' என்கிறான். அழிக்கச் சொல்லட்டுமா?"

"அண்ணா, எதையும் தொட வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு உறங்குங்கள். காலையில் வருகிறேன்" என்றேன்.

புதிய இயங்குதளம் இருக்கப் பழையது எதற்கு என்று கேட்கத் தோன்றும். அவர் பயன்படுத்தும் தமிழ்த் தட்டச்சுச் செயலி மிகப் பழையது. 16 பிட் முறையில் எழுதப்பட்டது. 32 பிட் விண்டோஸ் 7 அதனை ஏற்கும். 64 பிட் விண்டோஸ் எதுவும் ஏற்காது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே இல்லை. ஆகவே தம் எழுத்தைத் திறக்க அவர் பழைய தளத்தையே நாடினார்.

மறுநாள் காலையில் நான் செய்த முதல் வேலை, நிறுவும் வேலையன்று. அந்தப் பெட்டியில் ஏற்கெனவே இருந்த விண்டோஸ் 10-ஐ இயக்கி, பழைய வட்டிலிருந்த கோப்புகள் அனைத்தையும் ஒரு வெளி வட்டில் நகலெடுத்தேன். பின்பு பென் டிரைவிலும் ஒரு நகல். அதன் பின்னர்ப் பழைய வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். நிறுவும் திரையில் வட்டுகள் "வட்டு 0", "வட்டு 1" என்று எண்களாகவே தோன்றும். எந்த எண்ணில் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு இருக்கிறது என்பதை அவசரத்தில் இருப்பவன் எங்ஙனம் அறிவான்?

விசைப்பலகை ஏன் உறங்கிற்று?

நிறுவும் வட்டைப் போட்டுக் கணினியை இயக்கினோம். பயாஸ் திரையில் விசைப்பலகை நன்றாக வேலை செய்தது. மொழியைத் தேர்ந்தெடுக்கும் முதல் திரை வந்ததும் விசைப்பலகையும் மவுஸும் ஒருசேர உயிரிழந்தன. பையன் வட்டின் மேல் ஐயம் கொண்டது இங்கேதான். ஆனால் பழுது வட்டில் இல்லை.

விண்டோஸ் 7 வெளிவந்தது 2009-இல். யூ.எஸ்.பி. 3.0 துளைகளோடு பேசும் டிரைவர் அதன் நிறுவும் வட்டில் இல்லை. 2015-இல் வந்த இன்டெல் 6-ஆம் தலைமுறைக் கணினிகளிலோ, யூ.எஸ்.பி. 2.0-க்கு உரிய பழைய கட்டுப்பாட்டுப் பகுதி நீக்கப்பட்டுவிட்டது. ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாத நிலை அது. வட்டை நூறு முறை அழித்திருந்தாலும் விசைப்பலகை விழித்திராது. தமையனாரின் எழுத்துதான் வீணே போயிருக்கும்.

நல்வாய்ப்பாக, பெட்டியின் பின்புறம் பழைய வட்டத் துளை, அதாவது பி.எஸ்.2 துளை, இருந்தது. அதற்கேற்ற விசைப்பலகை ஒன்றைத் தேடிப் பொருத்தினோம், வேலை நகர்ந்தது. அந்தத் துளை இல்லாதவர்கள், மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து யூ.எஸ்.பி. 3.0 டிரைவரை இறக்கி, நிறுவும் கோப்புகளோடு முன்னதாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும். டிரைவர் சேர்க்காத பென் டிரைவிலிருந்து நிறுவினால் நடுவில் அதனையும் கணினி காணாது போகும். பெட்டிக்குள்ளேயே இருக்கும் டி.வி.டி. கருவியே உகந்தது.

வட்டு ஏன் மறுத்தது?

அடுத்து, "இவ்வட்டு ஜி.பி.டி. முறையில் பிரிக்கப்பட்டுள்ளது, இதில் நிறுவ இயலாது" என்னும் பொருள்பட ஒரு செய்தி வந்தது. 32 பிட் விண்டோஸ் 7, எம்.பி.ஆர். என்னும் பழைய முறையில் பிரித்த வட்டிலிருந்தே தொடங்கக் கூடியது. ஒரு முறையிலிருந்து மற்றதற்கு நிறுவும் திரையிலேயே மாற்ற முயன்றால் வட்டு முழுவதும் அழியும். ஆகவே அதனையும் கழற்றிவிட்டு, வெறுமையான சாட்டா வட்டு ஒன்றை மட்டும் பொருத்தினோம். பயாஸில் செக்யூர் பூட்டை நிறுத்தி, தொடங்கும் முறையை லெகசி என மாற்றினோம். மாற்றுமுன் பழைய அமைப்பை ஒரு தாளில் குறித்துக்கொள்வது நன்று. புதுவகை என்.வி.எம்.இ. வட்டுகளை விண்டோஸ் 7 தானாக அறியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரை மணி நேரத்திற்குள் தளம் ஏறியது. குறுந்தட்டில் பதிந்து வைத்திருந்த யூ.எஸ்.பி. டிரைவரை ஏற்றியதும் மவுஸ் அசைந்தது. தமையனார் தம் கோப்பைத் திறந்தார். முதற் பக்கத்தில் எங்கள் பாட்டனார் கிணறு வெட்டிய கதை எழுத்துப் பிசகாமல் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் வேறெங்கோ பார்த்துக்கொண்டேன்.

இரண்டு எச்சரிக்கைகள்

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் வழங்கி வந்த பொதுப் பாதுகாப்பு உதவி, 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு முடிந்தது. எனவே அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காதீர்கள். வங்கி வேலைகளை அதில் அறவே செய்யாதீர்கள்.

6-ஆம் தலைமுறைக்குப் பிந்திய இன்டெல் கணினி வைத்திருப்போர் இத்தனை பாடுபட வேண்டாம். திரைக்குரிய டிரைவர் முதலியன கிடைக்காமல் இடர்ப்படுவீர்கள். விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இலவசச் செயலியைப் புதிய விண்டோஸிலேயே நிறுவினால், கணினிக்குள் மற்றொரு கணினி போல அதனுள் விண்டோஸ் 7 இயங்கும். உள்ளிருக்கும் வட்டை அழிக்கும் பேச்சே எழாது.

பழைய தளம் ஆற்றைக் கடக்க உதவும் பரிசல்; அதிலேயே குடியிருத்தல் ஆகாது. தமையனார் இப்போது நாள்தோறும் பத்துப் பக்கங்களாகத் தம் எழுத்தை யூனிகோடு முறைக்கு மாற்றி வருகிறார். அவருக்குப் பின் பேரப்பிள்ளைகள் எந்தக் கணினியிலும் அதனைப் படிக்கலாம்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பழைய பெட்டி இருக்கக் கூடும். அது நிற்கும் நாள்வரை காத்திராமல், இந்த ஞாயிறே அதிலுள்ளவற்றிற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். "அழித்துவிட்டால் சரியாகும்" என்று எவரேனும் சொன்னால், "எதனால் சரியாகும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை தெரியும்வரை கையை அடக்கிக் கொள்ளுங்கள்.