எல்லாருடைய கதையையும் எழுதியவர்

‘அவேக்கனிங்ஸ்’ (1990) படம் பார்த்திருக்கீங்களா? ராபின் வில்லியம்ஸ் நடிச்ச அந்த டாக்டர் கதாபாத்திரத்துக்கு மூலம் ஆலிவர் சாக்ஸ். நரம்பியல் மருத்துவர், எழுத்தாளர்.

1933இல் லண்டனில் பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே டாக்டர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர், நியூயார்க்கில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஆய்வுக் குறிப்புகளைத் தொலைத்தார், கருவிகளை உடைத்தார். கடைசியில் “நீ போய் நோயாளிகளைப் பாருப்பா” என்று அனுப்பிவிட்டார்கள். லேப்ல சொதப்புறவங்க கொஞ்சம் ஆறுதல் அடையலாம்!

1966இல் பிராங்க்ஸில் ஒரு மருத்துவமனைக்கு வந்தார். பல பத்தாண்டுகளுக்கு முன் பரவிய மூளைக்காய்ச்சலில் பிழைத்து, சிலை மாதிரி உறைந்துபோனவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த உடம்புக்குள்ளே ஒரு மனுஷன் இன்னும் இருக்கான்னு சாக்ஸ் நம்பினார். 1969இல் எல்-டோபா மருந்து கொடுத்ததும் பலர் எழுந்தார்கள், பேசினார்கள். அந்த விழிப்பு பலருக்கு நீடிக்கவில்லை. ஆனாலும் அவர்களை வெறும் ‘கேஸ்’ ஆக்காமல், மனிதர்களாக எழுதினார்.

இப்படி மற்றவர்களின் கதையை எழுதியவர், தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை ஊரறியச் சொன்னது 2015இல், தன் 81வது வயதில்.

ஏன் அவ்வளவு தாமதம்? 18 வயதில் அப்பா கேட்டபோது உண்மையைச் சொன்னார். “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க” என்றும் கேட்டுக்கொண்டார். அப்பா சொல்லிவிட்டார். மகனை உயிராக நேசித்த அம்மா, மறுநாள் காலை ‘நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்’ என்கிற அர்த்தத்தில் பேசினார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இங்கிலாந்தில் அது குற்றமாக இருந்த காலம். நாம பாடத்தில் படிக்கிற ஆலன் டூரிங் 1952இல் தண்டிக்கப்பட்டது அந்தச் சட்டத்தில்தான். சாக்ஸ் அம்மாவை வெறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் ஆயுள் முழுக்கக் கூடவே வந்தது. சுமார் 35 வருஷம் துணையில்லாமல் வாழ்ந்தார். 75 வயதுக்கு மேல்தான் எழுத்தாளர் பில் ஹேய்ஸுடன் காதல் மலர்ந்தது. சுயசரிதை வெளிவந்த நான்கே மாதத்தில், 2015 ஆகஸ்டில், புற்றுநோயால் இறந்தார்.

“சாதனையைப் பேசுங்க, சொந்த விஷயம் எதுக்கு?” என்று சிலர் கேட்கலாம். மனுஷனை முழுசாப் பாருங்கன்னு ஆயுசுக்கும் எழுதியவரை, நாம மட்டும் பாதியாப் பார்க்கிறது நியாயமா?

நம்ம ஹாஸ்டலில் இது இன்னும் கிண்டல், மீம், பட்டப்பெயர். பக்கத்து ரூம் பையன் சிரிச்சுக்கிட்டே அதைக் கேட்டுட்டு இருக்கலாம். நாளைக்கு அவன் உங்களை நம்பி வாயைத் திறந்தால், ரெண்டே விஷயம். அவன் அனுமதி இல்லாம யார்கிட்டயும் சொல்லாதீங்க, அவங்க வீட்டுலகூட. அப்புறம், முதல்ல வர்ற வார்த்தையைப் பார்த்துப் பேசுங்க. நீங்க மறந்துடுவீங்க, அவன் மறக்க மாட்டான்.