வன்தட்டும் ஒற்றைப் படியும்

பொருளைத் தேடுதல் அரிது. தேடிய பொருளைக் காத்தல் அதனினும் அரிது. பொன்னையும் நிலத்தையும் காத்தற்கு நம் முன்னோர் பெட்டியும் பூட்டும் பத்திரமும் கண்டனர். இக்காலத்து மாணாக்கர் தேடும் பொருளோ எழுத்தும் ஒலியும் படமுமாய், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் என வழங்கும் கையடக்கமான வன்தட்டு ஒன்றனுள் அடங்கிக் கிடக்கின்றது. அத்தட்டுப் பழுதுறின் செயத்தக்கது யாது, செயத்தகாதது யாது என்பனவற்றையும், அந்நிலை நேரினும் பொருள் அழியாதபடி காக்கும் நெறி யாதென்பதனையும் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் அதன் அமைப்பினை நோக்குவோம். கையடக்கமான வன்தட்டுகள் பெரும்பாலனவற்றுள் வட்டத்தகடுகள் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கின்றன. அவற்றின்மேற் பூசிய காந்தப்படலத்திற் செய்திகள் பதிகின்றன. எழுதவும் படிக்கவும் வல்ல சிறுமுனையொன்று தகட்டினைத் தீண்டாது, தலைமயிரின் பருமனிற் பல்லாயிரத்தில் ஒரு கூறாகிய இடைவெளியில் மிதந்து செல்லும். சுழலுங்காலத்துத் தட்டுக் கீழே விழுமாயின், அம்முனை தகட்டிற் படிந்து கீறிவிடுதலும் உண்டு. 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளிப்படுத்திய முதல் வன்தட்டு 50 தகடுகள் கொண்டு, ஏறத்தாழ ஒரு டன் எடையுடன், 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கிற்று. இன்று சட்டைப்பையில் அடங்கும் ஒரு டெராபைட் தட்டு அதனினும் ஏறத்தாழ 2 இலட்சம் மடங்கு தாங்குகின்றது. கொள்ளளவு பெருகியது நன்றே. ஆயின் ஒரு வீழ்ச்சியில் அழியும் பொருளும் அவ்வளவிற் பெருகிற்று என்பதனை நாம் மறத்தலாகாது.

மருத்துவன் நோயின் வகையறிந்தே மருந்து தருவன். தட்டுக்கும் அஃதொக்கும். இணைக்கும் கேபிளையும், கணினியில் அது செருகப்பெறும் இடத்தையும் முதலில் மாற்றிப் பார்த்தல் வேண்டும். பழுது அவ்வளவில் நீங்குதலும் உண்டு. நீங்காதாயின், நோய் மூவகையுள் ஒன்றாதல் கூடும்.

முதலாவது, கோப்புகள் தவறுதலாய் அழிக்கப்பெறுதல். பொருளடக்கத் தாளைக் கிழித்துவிட்ட நூல் போன்றது இது. பக்கங்கள் உள்ளேதான் உள்ளன. அவற்றின்மேற் புதியதொன்றை எழுதினாலன்றி அவை மறைவதில்லை. ஆதலின் அத்தட்டில் மேலும் ஒன்றும் எழுதாது நிறுத்தி, போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களால் மீட்கப்பெறுவனவற்றை வேறொரு தட்டிற் சேர்த்தல் வேண்டும்.

இரண்டாவது, தகட்டிற் சில பகுதிகள் நலிந்து, தட்டு மெதுவாய்த் தடுமாறிப் படித்தல். அப்போது கணினி தானே செம்மை செய்வதாகக் கூறும் கட்டளைகளை இயக்குதல் தீது. அவை நலிந்த தட்டின்மீதே எழுதுவன. டி.டி.ரெஸ்கியூ என்னும் மென்பொருள் எளிதிற் படிக்கலாகும் பகுதிகளை முதலிற் படியெடுத்துக்கொண்டு, அரியவற்றிற்குப் பின்னர் மீளும். படியெடுத்து முடிந்த பின்னரே, அப்படியின்மேல் ஆராய்ச்சி தொடங்கும்.

மூன்றாவது, தட்டு ‘டிக் டிக்’ என ஒலித்தல், அல்லது சுழலாதிருத்தல். அந்நிலையில் மின்னிணைப்பை உடனே நீக்குவதன்றிச் செயத்தக்கது வேறில்லை. குளிர்பெட்டியுள் வைத்தால் உயிர்க்கும் என்பார் கூற்றைக் கொள்ளற்க. உள்ளே ஈரம் படிந்து கேடு மிகும். வீட்டில் திறந்து பார்த்தலும் தகாது. முனை மிதக்கும் இடைவெளியை நோக்க ஒரு தூசித்துகளும் மலையாகும். அதனாலன்றோ வல்லுநர் தூசியற்ற தூய அறையில் மட்டும் அதனைத் திறக்கின்றனர்.

இனி, அறிவியல் வளர்ந்த இக்காலத்தில் எதனையும் மீட்கலாமே, அஞ்சுவானேன் என்பாரும் உளர். அவர் கொலம்பியா விண்கலத்தை எடுத்துக்காட்டுதல் கூடும். 2003 ஆம் ஆண்டு பிப்ரவரி 1 ஆம் நாள் அக்கலம் வானிற் சிதைய, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். சிதைவுகளிடையே கிடைத்த, கருகிய வன்தட்டினின்று ஏறத்தாழ 99 விழுக்காடு செய்திகள் மீட்கப்பெற்றன. அதிலடங்கிய ஆய்வின் முடிவும் 2008 இல் வெளியாயிற்று. வியக்கத்தக்க செயலே. ஆயின் அத்தட்டிற் செய்தி பதிந்த பகுதிகள் நற்பேற்றாற் கீறலுறாது தப்பின. அத்தகைய நற்பேற்றினை நம்பி வாழ்தல் அறிவுடைமையாகாது.

இதற்கு மறுதலையாக மற்றொன்று காண்க. 1998 இல் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படத்தின் கோப்புகள் ஒரு தவறான கட்டளையால் அழிந்தன. காப்புப் படியை நாடியபோது அதுவும் பழுதுற்றிருந்தமை தெரிந்தது. கைக்குழந்தையின் பொருட்டு வீட்டிலிருந்து பணிபுரிந்த பெண்மணி ஒருவர் தம் இல்லத்துக் கணினியில் வைத்திருந்த படியே அப்படத்தைக் காத்தது. பழுதுற்றதைச் செம்மை செய்யும் வித்தையன்று, வேறோரிடத்திருந்த மற்றொரு படியே ஈண்டு உதவிற்று.

தமிழ் பயில்வார்க்கு இவ்வுண்மை புதிதன்று. 1894 இல் உ. வே. சாமிநாதையர் அவர்கள் புறநானூற்றை வெளியிட்டபோது, ஓரேட்டிற் சிதைந்ததனை மற்றோரேடு கொண்டு நிரப்பினார்கள். எந்த ஏட்டினும் கிடையாத 267, 268 ஆம் செய்யுட்கள் இன்றளவும் வெற்றிடமாகவே உள்ளன. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் அவ்வாறே மறைந்தன. படி பலவாயின் நூல் பிழைக்கும். படியற்றது எத்துணைப் பெரும்புலவனது ஆயினும் மாயும்.

எம் துறையிலும் அண்மையில் ஒரு கேடு நேர்ந்தது. எம் நண்பர் ஒருவர் ஈராண்டு காலம் ஊரூராய்த் திரிந்து, முதிய பெண்டிர் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் பதிந்து ஒரே வன்தட்டில் வைத்திருந்தார். அது மேசையினின்று விழுந்து ஒலிக்கத் தொடங்கிற்று. கடையொன்றில் அதனை வெறும் மேசைமேல் வைத்துத் திறந்துவிட்டனர். பின்னர்ப் பெருநகரத்து வல்லுநர், இனிச் செயற்பாலது ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினர். பாடிய மூதாட்டியருள் இருவர் இன்று உயிரோடில்லை. தட்டினை ஆறாயிரம் உரூபாவிற்கு மீண்டும் வாங்கலாம். அக்குரல்களை எவ்விலைக்கு வாங்குவது?

ஆதலின் எம் கருத்து இது: மீட்டற்கலையை மதிப்போம், ஆனால் அதனை நம்பிப் பொருளை வைத்தலாகாது. அரிய பொருள் எதுவாயினும் மூன்று படிகளாக, இருவகைக் கருவிகளில், ஒன்றேனும் வேறோரிடத்து இருத்தல் வேண்டும். இணையவழிச் சேமிப்பும் ஒரு படியாகக் கொள்ளத்தக்கதே. ஆயினும் ஈங்கு அழித்தது ஆங்கும் உடன் அழியுமாறு அமைந்த சேமிப்பினைத் தனிப்படி என்று எண்ணற்க. தகடு சுழலாத புதுவகை எஸ்.எஸ்.டி. தட்டுகளும் இதற்கு விலக்கல்ல. ஒலியெழுப்பாமலே அவை ஓய்தல் உண்டு. அவற்றில் அழித்ததனை மீட்டலும் பெரும்பாலும் அரிது. திறந்து பாராத படி படியன்று. பருவத்திற்கு ஒருமுறையேனும் திறந்து சோதித்தல் வேண்டும்.

இதனை மாணாக்கரின் விருப்பத்திற்கே விட்டுவிடுதலும் போதாது. களஆய்வு செய்யும் மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் பதிவுகளின் ஒரு படியைக் கல்லூரி நூல்நிலையத்தில் ஒப்படைத்த பின்னரே ஆய்வேட்டினை அளித்தல் வேண்டும் என ஒரு விதி வகுத்தல் நன்று. அதற்காகும் செலவு சில வன்தட்டுகளின் விலையே. ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவரும் மனம்வைப்பின், வருகின்ற கல்வியாண்டிலேயே இது கைகூடும். பாடுவார் இன்னும் சிலர் ஊர்களில் உளர். அவர்தம் குரலைப் பதியச் செல்வார் கையில் இரண்டு தட்டுகள் இருப்பனவாக.