போலி மருந்தா கொடுமை?

அல்சைமரின் தொடக்கக் கட்டத்தில் இருப்பவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. மூளையில் படிந்த அமிலாய்டு புரதம் கரைவது ஸ்கேனில் தெரிந்தால் போதும், மருந்தைக் கொடுத்துவிட வேண்டும். பாதிப் பேருக்கு மருந்துச் சத்தில்லாத போலி மருந்து கொடுத்துச் சோதிப்பது கொடுமை. அண்மையில் படித்த ஒரு கட்டுரையாளரின் வாதம் இது. நேரமில்லை என்பது மட்டுமே இதில் உண்மை. மற்றதெல்லாம் ஆபத்தான அறியாமை.

செமகாசெஸ்டாட் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லையா? அமிலாய்டு உற்பத்தியைக் குறைக்கவென்றே எலை லில்லி உருவாக்கிய மாத்திரை. 2010இல் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். காரணம், அதைச் சாப்பிட்டவர்களின் நினைவாற்றலும் அன்றாடச் செயல்பாடும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மோசமாகியிருந்தன. தோல் புற்றுநோயும் கூடியிருந்தது. மெர்க் நிறுவனத்தின் வெருபெசெஸ்டாட் மாத்திரை தொடக்கக் கட்ட நோயாளிகளிடமே சோதிக்கப்பட்டது. ஸ்கேனில் அமிலாய்டு குறைந்தது. சில அறிவாற்றல் அளவீடுகளிலோ மருந்து எடுத்தவர்களே பின்தங்கினார்கள். 2018இல் அதுவும் நின்றது.

இது எப்படித் தெரியவந்தது? இந்த நோயில் மருந்தே கொடுக்காவிட்டாலும் நினைவு தேயத்தான் செய்யும். போன மாதம்வரை பால் கணக்கைச் சரியாகப் போட்ட அம்மா இந்த மாதம் தடுமாறினால், நோய் முற்றுகிறது என்றுதான் வீட்டார் நினைப்பார்கள். டாக்டரும் அதையேதான் சொல்வார். மாத்திரையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். மறுநாளும் வேளை தவறாமல் கொடுப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்துக் குழு ஒன்று இருந்ததால்தான் கெடுத்தது மருந்து என்று பிடிபட்டது. அந்தக் குழுவைத்தான் வேண்டாம் என்கிறார் இவர்.

அவர் கேட்கும் அவசரத்தை அமெரிக்கா செய்தே பார்த்துவிட்டது. அமிலாய்டைக் குறைக்கும் அடுகனுமாப் என்ற மருந்து பலன் தராது என்று அதன் 2 பெரிய சோதனைகளும் 2019 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. பிறகு அதைத் தயாரித்த பயோஜென் நிறுவனம் கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தது. மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு அதை ஏற்கவில்லை. இருந்தும் அமிலாய்டு குறைகிறது என்பதை வைத்தே 2021 ஜூனில் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. ஆலோசனைக் குழுவிலிருந்து 3 பேர் விலகினார்கள். அப்போது ஆண்டுக்கு 56,000 டாலர் விலை வைத்தார்கள். அதிக அளவு மருந்து பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம். பலனைப் பின்னால் ஒரு சோதனை நடத்தி நிரூபிக்கிறோம் என்றார்கள். 2024 ஜனவரியில் மருந்தையும் அந்தச் சோதனையையும் சேர்த்தே கைவிட்டார்கள்.

லெகனமாப் என்ற இன்னொரு அமிலாய்டு மருந்தைத் தன் பக்கச் சாட்சியாக அவர் நிறுத்துவதுதான் பெரிய அபத்தம். அதன் சோதனையில் 1,795 பேர், 18 மாதம், அதில் பாதிப் பேருக்குப் போலி மருந்து. நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் இரு குழுக்களுக்கும் இடையே கிடைத்த வித்தியாசம் 0.45. இத்தனை சிறிய பலனை ஒப்பீடு இல்லாமல் எந்த டாக்டரின் கண்ணும் கண்டிருக்காது. சோதனை முடிந்ததும், போலி மருந்து பெற்றவர்களுக்கும் அசல் மருந்தைப் பெற வாய்ப்பு தரப்பட்டது. இதில் எது கொடுமை என்று அவரே சொல்லட்டும்.