ஒரே கம்பெனி, இரண்டு ஊசி, இரண்டு விலை!

பி.காம் படிக்கிறவன் மருத்துவம் எழுதலாமா என்று கேட்காதீர்கள். விஷயம் உடம்பில் ஆரம்பித்து விலையில் முடிவதால் துணிந்துவிட்டேன்.

தளியில் எங்கள் தெருத் தாத்தாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. போன வருடம் பேப்பரில் எழுத்து வளைந்து தெரிகிறது என்றார். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், ஒன்றோடு முடியாது என்றார் டாக்டர். விலையைக் கேட்டவர் முதல் ஊசியோடு நிறுத்திவிட்டார்.

அந்த ஊசி எதைத் தடுக்கிறது? நம் உடம்பில் வி.இ.ஜி.எஃப். என்றொரு புரதம் இருக்கிறது. ரத்தம் போதாத இடத்தில் புது ரத்தக்குழாய் வளர வைப்பது அதன் வேலை. கருவில் குழந்தை வளர, காயம் ஆற அது வேண்டும். ஆனால் சர்க்கரையால் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபட்டால் அது அளவுக்கு மீறிச் சுரக்கிறது. குழாய்கள் கசிகின்றன, விழித்திரை வீங்குகிறது. புதிதாக முளைக்கும் குழாய்களோ பலவீனமானவை, எளிதில் உடைந்துவிடும். புற்றுநோய்க் கட்டிகளும் தமக்கு ரத்தம் வரவழைக்க இதையே பயன்படுத்துகின்றன.

இதைத் தடுக்கும் அவாஸ்டின் 2004இல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. 2006இல் அதே ஜெனன்டெக் கம்பெனியின் லூசென்டிஸ் கண்ணுக்கென்று வந்தது. அப்போது விலை ஒரு டோஸ் சுமார் 2,000 டாலராக இருந்தது. அவாஸ்டினைக் கண்ணுக்கான சிறு அளவாகப் பிரித்தால் சுமார் 50 டாலர்தான் ஆனது! முதுமையில் வரும் விழித்திரை நோய்க்கு இரண்டும் சமம் என்று 2011இல் அங்கே நடந்த பெரிய ஆய்வு சொன்னது. சர்க்கரை நோயாளிகளில் பார்வை ரொம்பக் குறைந்தவர்களுக்கு வேறொரு விலை கூடிய மருந்து முதல் வருடம் கூடுதலாக உதவியது என்பதும் உண்மைதான். ஆனாலும், போடாத ஊசியைவிடப் போட்ட ஊசி மேல் இல்லையா?

பிரிப்பதில் ஆபத்தும் உண்டு. 2016இல் குஜராத்தில் ஊசி போட்ட 15 பேருக்குக் கண் பாதித்தது. கண்ணுக்கு அவாஸ்டின் வேண்டாம் என்று மத்திய அரசு எச்சரித்தது, பிறகு அதே வருடம் விலக்கிக்கொண்டது. சுத்தமாகப் பிரித்துக் கொடுப்பதுதான் வழி, கைவிடுவது அல்ல.

2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்தது போல, விழித்திரைப் பரிசோதனையும் குறைந்த விலை ஊசியும் எங்கள் மலைக் கிராமங்கள் வரை வர வேண்டும் என்பதே என் கருத்து.

தாத்தா இப்போது பேப்பர் படிப்பதில்லை. நான்தான் படித்துக் காட்டுகிறேன்.